கோடரியின் கீழ் நின்ற குழல்காரர்

எங்கள் தெனெதோஸ் தீவில் ஸ்காமோனின் முகத்தைக் கிண்டல் செய்யாதவர் யாரும் கிடையாது. இரட்டைக் குழலை வாயில் வைத்துவிட்டால் கன்னம் இரண்டும் உப்பிக்கொண்டு, கண் பிதுங்கி, நெற்றி நரம்பெல்லாம் புடைத்து நிற்கும். கல்யாண வீட்டில் சின்னப் பிள்ளைகள் எதிரே நின்று அதேபோல ஊதிக் காட்டும். மனுஷர் கோபித்துக்கொள்ளவே மாட்டார். வாசித்து முடித்து, வாயைச் சுற்றிக் கட்டிய தோல்வாரை நிதானமாக அவிழ்த்துவிட்டுச் சொல்வார்:

"ஆதெனா தேவியே தண்ணியில தன் மூஞ்சியப் பாத்துட்டு இந்தக் குழலத் தூக்கி எறிஞ்சா. அவ அழகி, எறிஞ்சா. என் மூஞ்சிக்கு என்னடா புதுசா கெட்டுப்போகப் போவுது?"

சொல்லிவிட்டு ஒரு கிண்ணம் மதுவை ஒரே மடக்கில் குடிப்பார். அப்படி ஒரு ஆள்.

அப்பா ஓடக்காரர். எதிர்க்கரைக்கும் தீவுக்கும் துடுப்புப் போட்டே தேய்ந்தவர். பிள்ளையாவது நாலு பேர் மதிக்கிற மாதிரி வரட்டும் என்று யாழ் வாத்தியாரிடம் கொண்டுபோய் விட்டார். பெரிய வீட்டுப் பையன்களோடு உட்கார்ந்து ஸ்காமோனும் நரம்பை மீட்டினான். அவன் மனம் அதில் ஒட்டவே இல்லை. ஓடத்தில் துடுப்புக்குத் தாளம் கொடுக்க ஒருவர் குழல் ஊதுவார், அதில்தான் உயிர். ஒருநாள் வாத்தியார் வீட்டிலிருந்து நேரே துறைக்கு ஓடி, அந்தக் குழல்காரரின் குழலைக் கேட்டு வாங்கி, அதன் வாயில் செருகிய சீவாளியில் ஊதிப் பார்த்தவன், பிறகு யாழ் வாத்தியார் வீட்டுப் பக்கமே போகவில்லை. அப்பா தலையில் அடித்துக்கொண்டார்.

"யாழ் வாசிச்சா மனுஷன் அடங்கி நடப்பான்னு விட்டேன். இவன் என்னடான்னா ஆட்டத்துக்குக் குழல் ஊதப் போறேங்கிறானே!"

அவர் சொன்னதில் தப்பில்லை, எல்லோரும் சொல்வதுதான். யாழ்காரன் வாசித்துக்கொண்டே பாடலாம், பேசலாம், நல்ல வார்த்தை சொல்லலாம். குழல்காரனுக்கு வாய் அடைத்துப் போகும். யாழ் மனதை ஒரு இடத்தில் உட்கார வைக்கும், குழல் அதை எழுப்பிக்கொண்டு போய்விடும் என்பார்கள். குழல் கேட்டு ஆடாத பெரிய மனிதர் எங்கள் ஊரில் ஒருவர்கூட இல்லை. ஆனாலும் அதை ஊதுகிறவன்தான் மட்டம். என்ன நியாயமோ, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஸ்காமோன் மட்டம் என்று யாராவது நினைத்தால் அது அவர்கள் பாடு. அவர் அப்படி ஒருநாளும் நினைத்ததில்லை. கல்யாணமா, சாவா, பலியா, மல்யுத்தமா, திராட்சை மிதிப்பா, எதற்கும் அவர் போனால்தான் காரியம் தொடங்கும். துறையில் ஓடம் தரை தட்டினால்கூட, "ஸ்காமோனக் கூப்பிடு, ஆளுங்க ஒரே மூச்சுல தள்ளட்டும்" என்பார்கள். ஓடக்காரர் வீட்டுப் பெண் நிகேசோவைக் கட்டிக்கொண்டார். தன் கல்யாணத்தில் தானே ஊதினார். "மாப்பிள்ளை பேசவே இல்லையே" என்று யாரோ கேட்டதற்கு, "இனிமே அவதான் பேசப் போறா" என்றார். அதுவும் பலித்தது.

ஒரே ஒரு இடத்தில்தான் அவருக்கு இடமில்லை. எங்கள் தீவுக்குப் பெயர் தந்த தெனெஸின் கோயிலுக்குள் குழல்காரன் கால் வைக்கக் கூடாது. பழைய பகை அது. தெனெஸின் மேல் சிற்றன்னை அபாண்டமாகப் பழி போட்டபோது, ஆமாம் என்று பொய்ச்சாட்சி சொன்னவன் ஒரு குழல்காரன். அதை நம்பிய தகப்பன் மகனைப் பெட்டிக்குள் வைத்துக் கடலில் தள்ளினான். பெட்டி எங்கள் கரையில் ஒதுங்கியது. பின்னால் தகப்பனுக்கு உண்மை தெரிந்து, மன்னிப்புக் கேட்கக் கப்பலில் வந்து கயிறு கட்டினான். தெனெஸ் மன்னிக்கவில்லை. கோடரியை எடுத்தார், கயிற்றை வெட்டினார், கப்பலைக் காற்றோடு அனுப்பினார். அன்றிலிருந்து குழல்காரன் அங்கே ஆகாது. ஊர்வலத்தின் முன்னால் ஊதிக்கொண்டு போகும் ஸ்காமோன் எல்லைக்கல்லில் நின்றுகொள்வார், மற்றவர்கள் உள்ளே போவார்கள்.

"என்னைக்கோ செத்த ஒருத்தன் பொய் சொன்னதுக்கு நீங்க வெளிய நிக்கிறீங்களே, உங்களுக்கு உறைக்கலையா?" என்று நிகேசோ ஒரு முறை கேட்டாள்.

"எனக்கு ஏன்டி உறைக்கணும்? பொய் சொன்னவன் வாய்தானே சொல்லுச்சு, குழலா சொல்லுச்சு? அவன் குழல ஊதிட்டு இருந்திருந்தா பொய்யே சொல்லியிருக்க முடியாது."

நிகேசோ சிரித்துவிட்டாள். கேட்ட நானும்தான்.

அந்த ஆண்டு திராட்சை அறுப்பு முடிந்த சமயம். லிசானியாஸ் என்ற பெரிய திராட்சைத் தோட்டத்து முதலாளி வீட்டில் விருந்து. லிசானியாஸ் வயதில் இளையவன், பார்க்க லட்சணமானவன், ஊரிலேயே யாழில் அவனை மிஞ்ச ஆளில்லை. மெதுவாகப் பேசுவான், குரலை உயர்த்த மாட்டான், அவன் சொன்னால் ஊர் கேட்கும். அன்றைக்குக் குடி கொஞ்சம் மிஞ்சிவிட்டது. அவனும் கூட்டாளிகள் மூன்று பேரும் மாலை சூடிக்கொண்டு, கடற்கரைக்கு ஆடிக்கொண்டே போக வேண்டும் என்றார்கள். விருந்தில் ஊத வந்திருந்த ஸ்காமோன் முன்னே நடந்தார்.

நடக்கும்போதே ஒரு புது மெட்டு அவருக்குள் வந்தது. துள்ளித் துள்ளி ஏறிப்போய், சட்டென்று ஒரு இடத்தில் நிற்கும். அந்த நிற்கிற இடத்தில் கூட்டாளிகளில் பருமனானவன், தெக்ஸிப்போஸ், "வெட்டு தெனெஸ்!" என்று கத்தினான். எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. மெட்டு நிற்கும்போதெல்லாம் நாலு பேரும் சேர்ந்து "வெட்டு தெனெஸ்!" என்று கூவிக்கொண்டே துறைக்கு வந்து சேர்ந்தார்கள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது, வழியிலும் துறையிலும் வேறு ஆளே இல்லை. லிசானியாஸின் கையில் விறகு பிளக்கிற சின்னக் கோடரி ஒன்று இருந்தது. எங்கே எடுத்தானோ தெரியாது.

துறை முனையில் ஒரு படகு கட்டிக் கிடந்தது. மெட்டு நின்றது, கூச்சல் எழுந்தது, கோடரி இறங்கியது. ஸ்காமோன் திரும்பிப் பார்த்தபோது கயிறு லிசானியாஸின் காலடியில் கிடந்தது, படகு நகர்ந்துகொண்டிருந்தது. அவர் வாரை அவிழ்க்கப் போனார்.

"யோவ் குழல்காரா, நிறுத்தாத! அது என் படகுய்யா. காலையில ஆள் விட்டு இழுத்துக்குவேன்," என்றான் லிசானியாஸ்.

அவன் படகை அவன் அவிழ்த்துவிட்டால் எனக்கென்ன என்று ஸ்காமோன் மறுபடி ஊதினார். குடிகாரர்களின் கூத்து, வேறென்ன.

காலையில்தான் விஷயம் தெரிந்தது. அது லிசானியாஸின் படகே இல்லை. தெனெஸ் கோயில் விழாவுக்கான புது மது, சாடி சாடியாக அதில் ஏற்றி வைத்திருந்தது. படகு பாறையில் மோதி, சாடியெல்லாம் நொறுங்கி, கடல் ஓரமே சிவந்து கிடந்தது. கடவுளின் மதுவைத் தெரிந்தே கொட்டினால் எங்கள் ஊரில் மன்னிப்பு கிடையாது. செய்தவனை மலை விளிம்பிலிருந்து தள்ளிவிடுவார்கள்.

அந்தப் படகுக்குக் காவல் யார் தெரியுமா? நிகேசோவின் தம்பி போத்ரிஸ். நல்ல ஓடக்காரன், கொஞ்சம் வாய் நீளம், வயிறு அதைவிட நீளம். அன்று மாலை அக்காதான் அவனைக் கூப்பிட்டாள். "சூடா மீன் வறுத்திருக்கேன், வந்து ரெண்டு வாய் சாப்பிட்டுட்டுப் போடா." போனான். அதுதான் அவன் செய்த குற்றம்.

போதை தெளிந்த லிசானியாஸுக்குத் தான் வெட்டியது எந்தக் கயிறு என்று புரிந்திருக்கும். ஆனால் அவன் யாழில் பழகியவன் அல்லவா, தன்னை அடக்கத் தெரிந்தவன்! எவனாவது வாய் திறக்கும் முன்னால் தானே சந்தை மைதானத்துக்குப் போனான். எங்கள் ஊரில் ஒருவன் மேல் உயிர்க்குற்றம் சாட்டுவது விளையாட்டுக் காரியம் இல்லை. குற்றம் சாட்டுகிறவன் நின்று பேச, அவன் பின்னால் ஒருவர் இரட்டை வாய்க் கோடரியை ஓங்கிக்கொண்டு நிற்பார். சொன்னது பொய் என்று ஆனால் கோடரி அங்கேயே இறங்கிவிடும். அந்தக் கோடரியின் கீழ் நின்றுகொண்டு, குரல்கூட நடுங்காமல், "போத்ரிஸ் பாதிச் சாடிகள இறக்கி வித்துட்டு, களவ மறைக்கக் கயித்த வெட்டுனத என் மாடியில இருந்து பாத்தேன்," என்றான் லிசானியாஸ். அன்று மாலை விருந்து முடிந்ததும் அவரவர் வீட்டில் படுத்துவிட்டோம், யாரும் துறைப் பக்கம் போகவில்லை என்று கூட்டாளிகள் மூன்று பேரும் கோயிலுக்குள் போய்ச் சத்தியம் செய்தார்கள். ஊர் நம்பியது. போத்ரிஸைப் பள்ளத்தில் இறக்கிக் காவல் போட்டார்கள். மறுநாள் மலைக்குக் கொண்டுபோவதாகத் தீர்மானம்.

செய்தி கேட்ட ஸ்காமோன் அப்படியே எழுந்து ஊர்த்தலைவர் மெனிதாஸிடம் போனார்.

"தலைவரே, நான் பாத்தேன். கயித்த வெட்டுனது லிசானியாஸ். நான்தான் முன்னால ஊதிட்டுப் போனேன்."

மெனிதாஸ் நல்ல மனிதர்தான். ஆனால் வழக்கம் என்று ஒன்று வந்துவிட்டால் அதைத் தாண்டி ஒரு அடி வைக்க மாட்டார். "சாட்சின்னா தெனெஸ் பீடத்தத் தொட்டுச் சத்தியம் பண்ணணும். நீ எப்படிப்பா உள்ள போவ?"

"அப்ப என் கண்ணு பாத்தது பாத்ததில்லையா?"

"உன் கண்ணுல குத்தம் இல்ல ஸ்காமோன். உன் தொழில்ல." தலைவர் கொஞ்சம் யோசித்தார். "ஒரு வழி இருக்கு. எல்லைக்கல்லுல குழல ஒடச்சுப் போட்டுட்டு, இனிமே தொட மாட்டேன்னு சொல்லிட்டு உள்ள வா. அப்புறம் நீ குழல்காரன் இல்ல. உன் சாட்சிய நான் எடுத்துக்கிறேன்."

வீட்டுக்கு வந்து சொன்னபோது நிகேசோ ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. பெட்டியிலிருந்த குழலை எடுத்து அவர் கையில் திணித்தாள்.

"ஒடைங்க."

"நிகேசோ..."

"என்ன நிகேசோ? நான் கூப்பிட்டுச் சோறு போட்டதுக்கு என் தம்பி சாகணுமா? துடுப்புப் போட்டுப் பொழைச்சுக்கலாம். கல்லு சுமந்து பொழைச்சுக்கலாம். ஒடைங்க!"

ஸ்காமோன் குழலை வாங்கிக்கொண்டார். உடைக்காமல் அதன் துளைகளை ஒவ்வொன்றாக விரலால் தடவிக்கொண்டிருந்தார். தம்பிக்காக ஒருவன் ஒரு கட்டைக் குழலை உடைக்க இவ்வளவு யோசிக்க வேண்டுமா என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. உடைக்க மாட்டேன் என்று அவர் சொல்லவில்லை. உடைத்துவிடுவேன் என்றுதான் நினைத்தார். ஆனால் வேறொன்று அவரை உறுத்தியது.

"ஒடைச்சேன்னு வையி. நான் ஒரு ஆளு. லிசானியாஸ் பக்கம் மூணு பேரு சத்தியம் பண்ணியிருக்கான். நேத்துவரைக்கும் குழல்காரன், இன்னைக்கு மச்சானுக்காக ஒடைச்சிட்டு வந்து நிக்கிறான்னு சொல்லுவானுங்க. எவன் நம்புவான்? குழலும் போயிரும், உன் தம்பியும் போயிருவான்."

"அப்ப என்னதான் பண்ணப் போறீங்க?"

அவர் அறையில் இங்கும் அங்கும் நடந்தார். நின்றார். முகத்தில் பழைய தெம்பு திரும்பி வந்துவிட்டது. நிகேசோவுக்கு அதைப் பார்த்துத்தான் பயம் வந்தது.

"சாட்சிக்குத்தானேடி கோயில். குத்தம் சாட்டுறதுக்கு?"

"மைதானம்..." என்றவள் அங்கேயே நிறுத்திக்கொண்டாள். "ஐயோ, கோடரிக்குக் கீழயா? வேணாங்க. தம்பியக் கேட்டேன், ரெண்டு பேரையும் குடுக்க என்னால ஆகாது."

"நான் சொல்றது நெசந்தானே? அப்புறம் எனக்கென்ன பயம்?"

"ஊரு நம்பலேன்னா நெசம் என்ன பண்ணும்?"

"நம்ப வைப்பேன்," என்றார். சொன்னவர் தோல்வாரை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

அடுத்த நாள் காலை மைதானத்தில் ஊரே கூடிவிட்டது. குழல்காரன் ஒருவன் குற்றம் சாட்ட வருகிறான் என்றால் யார்தான் வீட்டில் இருப்பார்கள்? மெனிதாஸ் பெரியவர்களோடு கலந்து பார்த்தார். குழல்காரன் கோயிலுக்குள் வரக் கூடாது என்றுதான் இருக்கிறது. கோடரியின் கீழ் நிற்கக் கூடாது என்று எங்கேயும் இல்லை. அப்படி ஒரு கிறுக்கன் வருவான் என்று முன்னோர்கள் நினைத்திருக்க மாட்டார்கள், பாவம்.

ஸ்காமோன் நடுவில் போய் நின்றார். பின்னால் கோடரிக்காரர் கோடரியை ஓங்கினார். ஒரு பக்கம் கட்டிய கைகளோடு போத்ரிஸ். எதிரே லிசானியாஸும் கூட்டாளிகளும்.

"நான் ஸ்காமோன். போத்ரிஸ் அந்தக் கயித்த வெட்டல. வெட்டுனது இந்த லிசானியாஸ். விருந்து முடிஞ்சு நாலு பேரும் என் குழலுக்கு ஆடிக்கிட்டுத் துறைக்கு வந்தாங்க."

லிசானியாஸ் புன்னகை செய்தான். "கேட்டீங்களா? தன் சம்சாரத்தோட தம்பி. பேசுறவன் குழல்காரன். நாங்க அன்னைக்கு எங்கயும் போகவே இல்ல, இவன் ஊதி நாங்க ஆடவும் இல்ல. கோயில்ல சத்தியம் பண்ணியாச்சு."

கூட்டத்தில் சிலர் தலையாட்டினார்கள். போத்ரிஸ் அங்கிருந்து கத்தினான்: "அத்தான், விடுங்க! ஒருத்தன் செத்தா போதும், வீட்டுக்குப் போங்க!"

"நீ கொஞ்சம் வாய மூடுறா," என்றார் ஸ்காமோன். தலைவர் பக்கம் திரும்பினார். "தலைவரே, குத்தம் சாட்டுறவன் தன் பேச்ச எப்படி வேணும்னாலும் பேசலாம்னு இருக்கா?"

"இருக்கு."

"அப்ப மிச்சத்த இதால பேசுறேன்." குழலை எடுத்துச் சீவாளியை நாக்கில் நனைத்தார். "அன்னைக்குச் சாயங்காலம் நடந்து போகையில எனக்கு ஒரு மெட்டு வந்துச்சு. புதுசு. அதுக்கு முன்னாடி நான் ஊதினதில்ல, அதுக்கப்புறமும் ஊதினதில்ல. என் வீட்டுக்காரிகூடக் கேட்டதில்ல. ஊதுறேன், கேளுங்க."

வாரைக் கட்டினார், ஊதினார். தலைக்கு மேல் கோடரி தொங்குகிற ஆள் ஊதுகிற மாதிரியே இல்லை! மெட்டு துள்ளிக்கொண்டு ஏறியது. முன்வரிசைக் கிழவர்களின் கால்விரல் ஆடத் தொடங்கியது. மீன்காரிகள் கூடையைத் தட்டினார்கள். சாவு வழக்கு நடக்கிற இடம் என்பதே ஒரு கணம் எல்லோருக்கும் மறந்துபோயிற்று. குழலைக் குறை சொல்கிறவர்கள் இதைத்தானே சொல்கிறார்கள், அது மனுஷனைத் தன்னை மறக்க வைத்துவிடும் என்று!

மெட்டு ஏறிப்போய், சட்டென்று நின்றது. மைதானத்தில் சத்தமே இல்லை. ஊரில் யாருக்கும் அங்கே என்ன வரவேண்டும் என்று தெரியாது. தெக்ஸிப்போஸின் தோள் மட்டும் லேசாகத் துடித்தது. லிசானியாஸ் அவன் கையைப் பிடித்து அழுத்தினான். ஸ்காமோன் பார்த்துவிட்டார். மறுபடி எடுத்தார், இம்முறை இன்னும் வேகமாக. தெக்ஸிப்போஸ் கண்ணை மூடிக்கொண்டான். அந்தப் பருத்த உடம்பு தன்னை அறியாமல் அசைந்தது. மெட்டு உச்சிக்குப் போய் நின்றது.

"வெட்டு தெனெஸ்!"

தெக்ஸிப்போஸின் குரல் மைதானம் முழுக்கக் கேட்டது. தனியாகக் கேட்கவில்லை. பக்கத்திலிருந்த இன்னொரு கூட்டாளியும் சேர்ந்து கத்தியிருந்தான்.

கத்திய பிறகுதான் தெக்ஸிப்போஸ் கண்ணைத் திறந்தான். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான். மெனிதாஸ் எழுந்து நின்றார்.

"இந்த மெட்டு உனக்கு எப்படிப்பா தெரியும்?"

தெக்ஸிப்போஸ் உடைந்து அழுதான். "விளையாட்டுக்குத்தான் தலைவரே... அவன் தன் படகுன்னுதான் நெனச்சான்... அப்புறம் பயந்துட்டோம்..." என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். கூட்டம் கொந்தளித்தது. போத்ரிஸின் கட்டை அவிழ்த்தார்கள். நிகேசோ ஓடிப்போய்த் தம்பியின் கன்னத்தில் ஒரு அறை விட்டு, பிறகு கட்டிக்கொண்டு அழுதாள். அறை எதற்கு என்று அவளுக்கே தெரியாது.

இதோடு முடிந்திருந்தால் நானும் சந்தோஷமாக எழுந்து போயிருப்பேன். ஆனால் குடிவெறியில் தெரியாமல் கயிறு வெட்டியதற்கு அபராதத்தோடு விட்டாலும், கோடரியின் கீழ் நின்று பொய் சொன்னதற்கு ஒரே தண்டனைதான். கோடரிக்காரர் ஸ்காமோனை விட்டு நகர்ந்து லிசானியாஸின் பின்னால் போய் நின்றார். அவனை மண்டியிட வைத்தார்கள். மெனிதாஸ் ஸ்காமோனைப் பார்த்துச் சொன்னார்:

"ஊதுப்பா."

அந்த வழக்கத்தை ஊரில் பாதிப் பேர் கேள்விப்பட்டதோடு சரி, பார்த்ததில்லை. பொய்யன் தலை விழும் முன்னால் கீழுலகத்தாருக்குக் குழல் ஊதிச் சொல்ல வேண்டும். குழல் ஒலிக்கும்வரை கோடரி இறங்காது. குழல் ஓய்ந்ததும் இறங்கிவிடும். அந்தப் பொய்யால் பழி சுமந்தவன் மன்னித்தால் மட்டும் கோடரியைத் தரையில் வைக்கலாம், அதுவும் குழல் ஓய்வதற்குள்.

ஸ்காமோன் ஊத ஆரம்பித்தார். லிசானியாஸ் மேல் அவருக்கு அளவில்லாத ஆத்திரம். செத்து ஒழியட்டும் என்றுதான் ஆரம்பித்தார். சாவுப் பாட்டு சின்னப் பாட்டு, சீக்கிரம் முடிந்துவிடும். முடிவுக்கு வரும்போதுதான் அவருக்கு உறைத்தது: கோடரி யார் கையில் இருந்தால் என்ன, அதை இறக்கப் போவது தன் மூச்சு. நிறுத்தவில்லை. முதலிலிருந்து மறுபடி எடுத்தார்.

கூட்டத்துக்குப் புரியவில்லை. மூன்றாம் முறையும் எடுத்தபோது லிசானியாஸுக்குப் புரிந்தது. அந்த அடக்கமெல்லாம் எங்கே போனதோ, மண்டியிட்டபடியே கைகூப்பினான்.

"அண்ணே, நிறுத்தாதீங்க," என்றான். "நிறுத்திடாதீங்கண்ணே."

வெயில் ஏறியது. மூக்கால் இழுத்துக்கொண்டே வாயால் விடும் வித்தை ஸ்காமோனுக்குக் கைவந்ததுதான், ஆனாலும் மனுஷ உடம்பு. வியர்வை கண்ணில் இறங்கியது. உதடு வெடித்துச் சீவாளியில் ரத்தம் தெரிந்தது. வாய் அடைத்துக் கிடக்கிறது, யாரிடம் என்ன சொல்வார்? போத்ரிஸையே பார்த்துக்கொண்டிருந்தார். போத்ரிஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

நிகேசோதான் தம்பியின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"டேய், அத்தான் ஏன் நிறுத்தாம ஊதுறாருன்னு தெரியலையாடா உனக்கு?"

"தெரியுது. என்னால முடியாது. என்னை மலையில இருந்து உருட்டப் பாத்தவன்கா அவன்!"

"அவன் சாகட்டும்னுதான் நானும் சொல்றேன். ஆனா உன் அத்தான் மூச்சால வேணாம். உனக்காகக் கோடரிக்குக் கீழ வந்து நின்னாருடா. அவரக் கொலைகாரர் ஆக்கி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்றியா?"

போத்ரிஸ் அக்காவைப் பார்த்தான். அத்தானைப் பார்த்தான். குழலில் ஒலி லேசாகத் தள்ளாடியது. கோடரிக்காரர் பிடியை இறுக்கினார்.

"விடுங்க!" என்று கத்தினான் போத்ரிஸ். "விட்டேன்! மன்னிச்சேன்! தீவ விட்டுத் தொலையட்டும்!"

ஸ்காமோன் அப்போதும் நிறுத்தவில்லை. கோடரி இறங்கி, அதன் இரும்பு மண்ணைத் தொட்டு, கோடரிக்காரர் கைப்பிடியை விட்டுத் தள்ளி நின்றதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் குழலை வாயிலிருந்து எடுத்தார். அங்கேயே உட்கார்ந்துவிட்டார். லிசானியாஸ் தன் பிடரியைத் திரும்பத் திரும்பத் தடவிப் பார்த்தான். பிறகு மண்டியிட்டபடியே நகர்ந்து வந்து ஸ்காமோனின் முழங்காலைக் கட்டிக்கொண்டான்.

"உங்களப் பொய்யன்னு சொன்னேனே... என்னை ஏன் காப்பாத்துனீங்க?"

ஸ்காமோன் வாரை அவிழ்க்கப் பார்த்தார். விரல் ஒத்துழைக்கவில்லை. நிகேசோ வந்து அவிழ்த்துவிட்டாள். வீங்கிப்போன உதட்டால் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்:

"உன் மேல எனக்கு ஒரு பாசமும் இல்லடா. இன்னைக்குத்தான் இந்த ஊரு என் பேச்ச மொதமொதலாக் கேட்டுச்சு. அது ஒருத்தன் சாவோட முடிய வேணாம்னு பாத்தேன்."